கோடு ஏறுது

புதுவயல் சமுதாயக் கூடத்தில்
திரை காற்றுக்கு உப்பிக்கொண்டிருந்தது.
பன்னிரண்டு ஆண்டு, முப்பத்தொரு ஆழ்குழாய்,
முப்பத்தொரு நிறம்.
மூன்று இரவு விழித்து வரைந்தது.
பின்னணியில் நீலத் தண்ணீர்ப் படம் வேறு,
புள்ளிக்குப் புள்ளி நிழல்.

"கோடு ஏறுது, நல்லதுதானே"
என்றார் நாலாம் வார்டு சேவுகமூர்த்தி.
யாரோ கை தட்டினார்கள்.
அப்புறம் கூடமே தட்டியது.

ஏறியது ஆழம்.
நூற்றிருபது அடியில் கிடந்த தண்ணீர்
நானூறுக்கு இறங்கியதற்கு
அத்தனை கைதட்டல்.
நான் வாயெடுப்பதற்குள்
பணியாரம் வந்துவிட்டது.

அன்றிரவு காரைக்குடி அறையில்
முதலில் நீலத் தண்ணீரை வடித்தேன்.
பிறகு நிழல்களை.
பிறகு கட்டம் கட்டமாய் நின்ற கம்பிகளை.
நிறங்களைத் தொடத்தான் கை வரவில்லை,
மூன்று இரவு அல்லவா.

விடியும்போது முப்பது குழாய்கள் சாம்பல்.
ஒன்று மட்டும் சிவப்பு:
ஆவிச்சி மில்லுக்குப் பின்னால்
பஞ்சவர்ணம் குடம் வைக்கும் குழாய்.
கோட்டின் முனையிலேயே பெயரை எழுதினேன்,
ஓரத்துப் பட்டியலுக்கும் நடுவுக்கும்
கண் நடந்து களைக்க வேண்டாம்.

அப்போதும் அது ஏறிக்கொண்டுதான் இருந்தது.

சுழியத்தைத் தூக்கி மேலே வைத்தேன்.
தரை மேலே. ஆழம் கீழே.
கிணறு வெட்டுகிறவன் எந்த நாளில்
வானத்தைப் பார்த்து வெட்டினான்?
இதை என்னை நானே கேட்பதற்குள்
ஏழு வருடச் சம்பளம் வாங்கிவிட்டேன்.

மறு கூட்டத்தில் திரை இல்லை, ஒரே தாள்.
யாரும் தட்டவில்லை.
பஞ்சவர்ணம் கிட்டே வந்து
சிவப்பின் தொடக்கத்தில் விரல் வைத்தாள்.
"இது சின்னவன் பொறந்த வருசம்."
விரல் இறங்கியது. மோட்டார் மாற்றிய வருசம்.
குழாய் இறக்கிய வருசம்.
தாளின் விளிம்பில் நின்றது.
"இதுக்குக் கீழ எங்க போடுவீங்க?"

ஆவிச்சி எழுந்தார்.
"எம் மில்லு பக்கத்துக் குழாய்க்கு மட்டும்
ஏன் செவப்பு?"

நியாயமான கேள்வி.
சாம்பலில் இருபத்தெட்டு
அதே பள்ளத்தில்தான் இறங்குகின்றன என்றேன்.
அவர் எண்ணிப் பார்த்தார், விரல் விட்டு,
அரிசி மூட்டை எண்ணுகிற கவனத்தோடு.
"முப்பதுல ரெண்டு குறையுதே."

ஆமாம், இரண்டு இறங்கவில்லை.
போன கோடைக்கு முந்தைய கோடையில்
தூர் வாரிய ஊருணியின்
இரு கரையிலும் இருக்கிற இரண்டு.
எல்லாரையும் பள்ளத்தைப் பார்க்க வைக்கும் அவசரத்தில்
அவற்றையும் சாம்பலில் போட்டிருந்தேன்.

தாளை மேசையில் விரித்து
யாரிடமாவது பேனா இருக்கிறதா என்று கேட்டேன்.
சேவுகமூர்த்தியின் பையில்
ஒரு பச்சை இருந்தது.