நான்காம் வினா

"கடவுள் துன்புறார் என்னும் கருத்தின்
கிரேக்க வேர்களை விளக்குக. இருபது புள்ளிகள்."

கொழும்புத்துறையில் ஒன்பதரைக்கு மின்சாரம் போனது.
ரோச் லைற்றைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு
குருமடத்தின் முப்பத்தோராவது விடைத்தாளைத் திருத்துகிறேன்.

முப்பது பேரும் சரியாகத்தான் எழுதினார்கள்,
என் குறிப்புகளை எனக்கே திருப்பி:
எல்லாவற்றையும் நகர்த்துவது, தான் நகராது.
மாறினால் குறை. குறையென்றால் கடவுளல்ல.
ஏதென்ஸில் கடைந்த வெண்ணெயை
அலெக்சாந்திரியாவில் உருக்கி
நம் விசுவாசத்தின்மேல் ஊற்றினார்கள் முதல் ஆசிரியர்கள்.
(வெண்ணெய் என் உவமை. முப்பது தாளிலும் இருக்கிறது.)

இவன் பாசையூர். வஸ்தியாம்பிள்ளை பெனில்டஸ்.
அரைப் பக்கம் ஒழுங்காக எழுதிவிட்டு
ஒரு கோடு கிழித்து, அதற்குக் கீழே:

"பாதர், அப்பா எஞ்சின் திருத்துறவர்.
படகை ஓட்டுற எஞ்சின்
படகைவிடக் கூடத்தான் நடுங்கும்.
நடுங்காத எஞ்சினை அவர்
செத்தது எண்டுதான் சொல்லுவார்.
பெரிய வெள்ளிக்கு முதல்நாள்
எங்கட கோயில் சுரூபத்தின்ர தோள்மூட்டுக்கு
எண்ணெய் விடுறதும் அவர்தான்.
ஆணி கழட்டேக்க கை தானா விழவேணும்.
அந்தக் கிரேக்கரின்ர கடவுளுக்குத்
தோள்மூட்டு இருந்ததா எண்டு
குறிப்பில இல்லை."

சிவப்புப் பேனையால் ஓரத்தில்
'ஆதாரம்?' என்று எழுதினேன்.
எழுதிய இடத்திலேயே கை நின்றது.

உரோமையில் ஏழு வருடம்.
அந்தக் கடவுளை எனக்குப் பிடித்திருந்தது அங்கே.
பளிங்கு. குளிர். எந்தச் சொல்லும் சுடாது.
திரும்பி வந்த வருடம்
ஒரே மாலையில் பதினொரு பெட்டிகளுக்கு முன்னால்
குரல் பிசகாமல் மன்றாட்டு முடித்தேன்.
நாலாவது பெட்டி நீளம் குறைந்தது.
சுவாமிக்கு நல்ல திடம் என்றது சனம்.
திடம்.
அதற்குக் கிரேக்கத்தில் ஒரு சொல் உண்டு,
பதினெட்டு வருடமாய்க் கரும்பலகையில் எழுதுகிறேன்.

அந்தப் பழையவர்களைக் குறை சொல்லேன்.
தெய்வங்கள் பொறாமைப்பட்டு இடியெறிந்த ஊர்களில்
எங்களுடையவர் அப்படியல்ல என்று சொல்ல
அவசரத்துக்கு வாங்கிய கடன் அது.
அவர்களில் ஒருவர், சிலுவையடியில் நின்று,
துன்பமில்லாமலே துன்பப்பட்டார் என்று கூட
எழுதிப் பார்த்திருக்கிறார்.
அந்த வரியில்
எழுத்தாணி நடுங்கியிருக்கும் என்று
வகுப்பில் நான் சொன்னதில்லை.

பதினொன்று என்று போட்டேன்.
அந்த எண்ணைப் பார்த்து அடித்தேன்.
'ஆதாரம்?' என்பதையும் அடித்தேன்.
தாள் அசிங்கமாகிவிட்டது.

வெளிச்சம் மங்குகிறது.
கரையில் யாரோ எஞ்சின் கயிற்றை இழுக்கிறான்.
பிடிக்கவில்லை.
மறுபடி இழுக்கிறான்.