ட்ரங்க் கால், இரண்டாம் பக்கம்

அட்டையில் சாத்தப்பன் நிற்கிறான்
செட்டிநாடு ஸ்டேஷன் பிளாட்பாரத்தில்,
சித்திரை வெயிலில்,
முழங்கை வரை சுருட்டிவிட்ட கோட்டுடன்.
பின்னால் போன ஆட்டை
அச்சகத்தார் நீல மையில் மறைத்திருக்கிறார்கள்.
ஒரு காது மட்டும் மிச்சம்.

பத்துப் பாட்டும் நீலாவுக்கு.
நீலா யாரென்று நான் கேட்கவில்லை.
'மெட்டுக்கு ரெண்டு நெடில் வேணும், எமில்டா'
என்று அவனாகவே சொன்னான்.
என் பேரில் ஒன்றுதான்.

பினாங்கிலிருந்து அவன் அம்மான்
கைலிகளுக்குள் சுற்றிக் கொண்டுவந்த சிந்தசைசர்.
கானாடுகாத்தான் வீட்டு இரண்டாம் கட்டில் பதிவு.
எதிரொலிக்குப் பயந்து
கல்யாணத்துக்கு வருகிறவர்கள் படுக்கும் மெத்தைகளை,
அறுபது எழுபது இருக்கும்,
தூணோடு தூணாகக் கட்டி நிறுத்தினோம்.
அப்படியும் கீழ்க்கட்டையில் அவன் விரல் பட்டால்
சாமான் அறையின் பூட்டிய இருட்டுக்குள்
தூக்குச்சட்டிகள் எல்லாம் சேர்ந்து முனகும்.
சாவி கோயமுத்தூர்ப் பங்காளியிடம்.
ஆக, அவையும் பாடியிருக்கின்றன
என்னைப் போலவே
அட்டையில் பேரில்லாமல்.

முதல் பாட்டில் மட்டும் எனக்கு வசனம் உண்டு.
டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பெண்ணாக:
'மூன்று நிமிடம் ஆயிற்று, நீட்டிக்கவா?'
நீட்டிக்கச் சொல்லி
அவன் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை.

ஆறாம் பாட்டன்று வோல்டேஜ் இறங்கிவிட்டது.
டேப் மெதுவாக ஓடியதை யாரும் கவனிக்கவில்லை.
மறுநாள் போட்டுக் கேட்டால்
சாத்தப்பனுக்குப் பதினாறு வயது.
'இருக்கட்டும்' என்றான்.
'அந்த வயசுல கேட்டிருந்தா அவ சரின்னிருப்பா.'
அப்போதும் நான் கேட்கவில்லை.

மற்றபடி என் வேலை 'ஆ'.
செக்காலை மாதா கோயில் பாடகர் குழுவிலிருந்து
பாட்டுக்கு நாற்பது ரூபாய், பஸ் காசு தனி.
ஏழாம் பாட்டுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.
அவன் என்னைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான்,
ஒரு பொத்தானை அமுக்கினான்.
நாற்பது பெண்கள்.
ஒருத்தியும் இருமவில்லை.
ஏழு, எட்டு, ஒன்பது அப்படியே போயிற்று.
பத்துக்கு நான் திரும்பிவிட்டேன்,
என்று நினைக்கிறேன்.

முந்நூறு கேசட் விற்றது.
மீதியின்மேல் கல்லுக்கட்டிக் கடைக்காரர்
சரண கோஷம் பதிந்து விற்றார்.
இரண்டு சரணங்களுக்கு நடுவே
யாரோ 'நீலா' என்று பெருமூச்சு விடுவதாக
மாலை போட்டவர்கள் வந்து சண்டை போட்டார்கள்.

போன மாதம் என் மருமகன்
எங்கிருந்தோ பிடித்து ஃபோனில் ஏற்றிவிட்டான்.
'எட்டாவது பாட்டுல உங்க குரல் இருக்கே, அத்தை,
அப்படியே உருக்குது.'
தாங்க்ஸ் என்றேன்
நாற்பது பேர் சார்பிலும்.

சொல்லாமல் விட்டது ஒன்று.
அந்தப் பொத்தானைக் கேட்ட வாரமே
கதவைச் சாத்திக்கொண்டு பழக ஆரம்பித்தேன்:
நடுங்காமல், ஒரே மட்டமாய்,
எவ்வளவு நேரமானாலும் களைக்காமல்.
'என்னம்மா, தகரம் மாதிரி' என்றார் பங்குச்சாமி.
அதாவது, வந்துவிட்டது.

அவன் விரலை எடுத்ததும்
சட்டென்று நின்றுவிடுவது,
அதுதான் இன்னும் வரவில்லை.