நாற்பது கட்டைகள்

சாக்குப்பையில் நாற்பது மரக்கட்டைகள்,
எண்ணி வாங்கியதாகக் கையெழுத்துப் போட்டேன்.
'காவலர் உங்கள் நண்பர்' என்பதை
விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம்.
செல்லூர், மாநகராட்சிப் பள்ளி,
மூணாம் வகுப்பு, வெள்ளிக்கிழமை.
சத்துணவுக்கு முட்டை அவிகிற வாசனை.

ஊரைக் கட்டுங்க என்றேன்.
ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட் முதலில் வந்தது,
அப்புறம் ஜிகர்தண்டாக் கடை,
ஒரு பள்ளிவாசல், பாதிக் கோபுரம்.
மீதிக்குக் கட்டை பற்றாதென்று
அவர்களாகவே நிறுத்திக்கொண்டார்கள்.
வைகைக்கு ஒரு கட்டையும் செலவில்லை,
நடுவில் தரையைச் சும்மா விட்டார்கள்.
அதுதான் ஆறாம்.

ஸ்டேஷனை ஒச்சம்மா கட்டினாள்.
நாலு பக்கமும் சுவர்,
அடுக்கிக்கொண்டே போனாள்.
"வாசல் எங்கடி?"
"வாசல் இருந்திருந்தா
எங்கப்பா அன்னைக்கு ராத்திரியே வந்திருப்பாகல்ல."

பிள்ளைகள் யாரும் நிமிரவில்லை.
எனக்குத்தான் தேதி ஞாபகம் வந்தது.
அன்றைக்குப் பாரா நான்.
அந்த ஆளுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன்;
அதை இப்போது சொன்னால்
என்ன சொன்னதாகும்?

கையிலிருந்த தாளில் அடுத்த வரி
'அவசரம் என்றால் நூறை அழைக்கவும்.'
தாளை மடித்தேன்.
சரி, ஸ்டேஷனை எங்கே வைக்கலாம், நீங்களே சொல்லுங்க.

சண்டை தொடங்கியது.
ரோட்டைக் கடக்கிற இடத்தில் என்றான் சோலைச்சாமி.
டாஸ்மாக்குக்கு எதிர்த்தாப்ல என்றாள் ரிஸ்வானா,
குரலைத் தாழ்த்தி.
ஒச்சம்மா ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்து
தண்ணிக் குழாயடியில் நிறுத்தினாள்.
"போலீஸ் அக்கா இங்க நிக்கட்டும்.
இங்கதான் தெனமும் அடிதடி.
சும்மா நிக்கக் கூடாது,
குடம் தூக்கிவிடணும்."

பிறகு தன் சுவரிலிருந்து
ஒரு கட்டையை உருவினாள்.
மேலே இருப்பதெல்லாம் சரியும் என்று
கையை நீட்டிவிட்டேன்.
கொஞ்சம் ஆடியது, நின்றுகொண்டது.
"இது கதவு. நீங்க வச்சுக்கங்க."

சாயங்காலம் ஏட்டையா எண்ணினார்,
எச்சில் தொட்டு எண்ணுகிற விரலால்.
முப்பத்தொன்பது.
மறுபடி எண்ணினார். முப்பத்தொன்பதே.
'குறைவுக்குக் காரணம்' என்று
பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு.
பேனாவைத் திறந்தேன்.
காக்கிப் பைக்குள்
தொடையில் இடித்துக்கொண்டிருந்தது
கதவு.