வரிசை எண் நாற்பத்தொன்று

மடிப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பு வாசலில்
வருகைப் பதிவேட்டின் மேல் போனைச் சாய்த்துவைத்து
மாசிலாமணி படம் பார்ப்பார்.
ஒரு படத்துக்கு மூன்று இரவுகள்.
நடுவே கேட் திறக்க வேண்டும்,
மோட்டார் போட வேண்டும்,
தண்ணி லாரிக்காரனோடு மல்லுக்கு நிற்க வேண்டும்.

ஒன்றாம் தேதி காலை என் ஸ்கூட்டியை மறித்தார்.
"நீங்க அந்தக் கம்பெனிதானே மேடம்?
நிறுத்தி வச்சிட்டுத்தான் போனேன்.
கேட்டைத் திறந்துட்டு வந்து பார்த்தா
படத்தையே காணோம்.
அந்தப் பொண்ணு எழும்பூர்ல ரயில் ஏறிச்சா, இல்லியா?"

எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்ததெல்லாம்
இரண்டாம் இணைப்பில் அது வரிசை எண் நாற்பத்தொன்று.
ஓடும் நேரம் இரண்டு மணி பதினெட்டு நிமிடம்.
உரிமக் காலம் இருபத்துநான்கு மாதம்,
இலங்கை நீங்கலாக.
தயாரிப்பாளர் ஏற்றிக் கேட்டார்.
பார்த்தவர்கள் கணக்கைக் காட்டி
எங்கள் ஆட்கள் இறக்கிக் கேட்டார்கள்.
மூன்று மின்னஞ்சல், அப்புறம் பேச்சில்லை.
'புதுப்பிக்க வேண்டாம்' கட்டத்தில்
டிக் போட்டது நான்தான்,
தரமணி சிக்னல் தெரிகிற ஜன்னலோரம்,
இன்னொரு கையில் எலுமிச்சை சாதம்.

நள்ளிரவில் உட்கார்ந்து யாரும் எதையும் அழிப்பதில்லை.
கணினி தேதியைப் பார்க்கும்,
கதவைச் சாத்தும்.
எழும்பூரில் பெட்டியோடு நிற்பவள்
நின்றபடி நிற்க வேண்டியதுதான்.

"அக்ரிமென்ட் முடிஞ்சிடுச்சுண்ணே" என்றேன்.
"ஓ" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை.
இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு உரை தேவையில்லை.
பதினோரு மாதத்துக்கொரு முறை
முத்திரைத்தாளோடு மாடியேறி வருகிறார்
என் வீட்டுக்காரர்.

கேட்டைத் தள்ளிவிட்டபடி சொன்னார்:
"ஏறியிருக்க மாட்டா மேடம்.
செருப்பு அறுந்துபோச்சு,
அதையே குனிஞ்சு பார்த்துட்டிருந்தா."

ஐப்பசி அடைமழையில்
வேறொரு செயலியில் வந்து இறங்கியது அந்தப் படம்,
வேறு யாரோ வாங்கி, வேறு ஏதோ எண்ணோடு.
சந்தா கட்டி முதல்முறையாகப் பார்த்தேன்.
மணி ஒன்றேகால்.
குடையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

நாற்காலியில் ஒரு பையன்.
சட்டை அவனுக்கு இரண்டு சைஸ் பெரிது.
ஏஜென்சியை மாற்றிவிட்டார்களாம் அசோசியேஷனில்,
ஒன்றாம் தேதியிலிருந்து.
"மாசிலாமணி அண்ணன் நம்பர் இருக்கா?"
"யாரு மேடம்?"

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
கடைசிப் பெட்டியில் ஏறிவிடுகிறாள்.