நிறுத்தக் குறிப்பு

சாவியைப் பிடுங்கி என்னிடம் எறிந்தான் பெர்க்மான்ஸ்.
எஞ்சின் நிற்கவில்லை.

குளச்சல் துறைமுகம், சாயங்காலம்,
கட்டிப்போட்ட விசைப்படகின் வயிற்றுக்குள்
டீசல் குழாயை அடைத்த பிறகும்
தன் மசகெண்ணெயைத் தானே குடித்து
ஏறிக்கொண்டே போனது அதன் வேகம்.
வெள்ளைப் புகை. பலகையில் ஆணிகள் துடித்தன.
நனைந்த சாக்கைச் சுருட்டி
காற்று நுழையும் வாயில் திணித்து
முழங்காலால் அழுத்தி உட்கார்ந்தான்.
இரண்டு இருமல்.
அப்புறம் கடல் கேட்டது.

"ஒங்க மிசினு இப்பிடி வெறி புடிச்சா
சாக்க எங்க வைப்ப, ரெக்ஸ்லின்?"

சாக்கு வேண்டாம்.
அங்கே எரிவது ஒரு சிட்டிகை எடை,
பதினைந்து கோடி டிகிரி,
சுவரைத் தொடாமல் காந்தங்களுக்கு நடுவே மிதக்கிறது.
கனத்த ஹைட்ரஜன் ஒன்றும்
அதைவிடக் கனத்தது ஒன்றும்
ஒன்றையொன்று தள்ளும் பிடிவாதத்தை மீறி மோதினால்
ஒரு ஹீலியம் பிறக்கும்,
ஒரு நியூட்ரான் வீட்டைவிட்டு ஓடும்.
ஓடியதற்குக் காந்தம் பொருட்டில்லை,
சுவருக்குள் புகுந்து அதைச் சுடவைக்கும்.
ஹீலியம் போகாது.
ஐந்தில் ஒரு பங்கு வெப்பம் அதன் மடியில்,
அதைக் கூட்டத்துக்குப் பங்குவைத்துவிட்டுத்தான் அடங்கும்.
கசிந்து போவதை அந்தப் பங்கு ஈடுகட்டும் நொடியில்
நாங்கள் ஊட்டும் சூட்டை நிறுத்திவிடலாம்.
தானே எரியும்.

"அப்போ இதும் அதும் ஒண்ணுதாம்லா?"

இல்லை. குடிக்க அதற்குள் எண்ணெய் இல்லை.
பனியாய் உறைந்த எரிபொருளை
உருண்டை உருண்டையாய் நாங்கள்தான் எறிகிறோம்.
எறிவதை விட்டால் சில நொடி.
சாம்பலை அள்ளாமல் விட்டால்
சாம்பலே மூச்சை அடைக்கும்.
அவசரமென்றால் கொஞ்சம் நியான்,
பேக்கரிப் பலகையில் சிவப்பாய் மினுங்குமே, அதேதான்.
வெப்பமெல்லாம் வெளிச்சமாய்க் கொட்டிப்போகும்.

"பின்ன ஒனக்கு எதுக்குட்டி சம்பளம்?"

சிரித்தேன். ஆனால் அதுதான் கேள்வி.
அணைவது அதற்குச் சுலபம்,
அணைவதைத் தாங்குவது சுவருக்குக் கஷ்டம்.
உள்ளே ஓடிய லட்சக்கணக்கான ஆம்பியர்
திடீரென்று போக இடமில்லாமல்
இரும்பை முறுக்கும், தகட்டை உருக்கும்.
எப்போது கைவிடுவது, எவ்வளவு மெதுவாக,
மெதுவென்றால் கண் இமைப்பதற்குள்.
உனக்கு ஒரு முழங்கால்,
எனக்கு நாற்பது பக்கக் குறிப்பு.

ஒன்றை மட்டும் மெல்லச் சொன்னேன்:
எங்கள் இயந்திரம் இதுவரை
ஒரு தடவைகூடத் தானாக எரிந்ததில்லை.

சாக்கை உதறிக் கயிற்றில் போட்டான்.
மேற்கே சூரியன் தண்ணீரைத் தொட்டிருந்தது.
அதற்கு யாரும் காவல் இல்லை.
கொஞ்சம் அதிகம் எரிந்தால் தானே உப்பி ஆறும்,
குறைந்தால் தன் எடையே அமுக்கிச் சுடவைக்கும்.

"பத்திச்சுன்னா ஒரு போன் பண்ணு" என்றான்.

படி ஏறும்போதுதான் பார்த்தேன்,
எதையும் நிறுத்தாத அந்தச் சாவி
இன்னும் என் கையில்.