எழுபத்தெட்டு வயது எட்டு மாதம்

நான்காம் கவுண்டரில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம் வாண்டா ப்ருசின்ஸ்கி,
டொலீடோ, ஒஹையோ.
ஆகஸ்டில் அறுபத்திரண்டு முடிந்தது.
ஈரக் கையுறையைக் கழற்றாமலே கேட்டார்:
"எனக்கு எவ்வளவு வரும்?"

இப்போதே என்றால் மாதம் ஆயிரத்து முப்பத்தாறு டாலர்.
அறுபத்தேழு வரை பொறுத்தால் ஆயிரத்து நானூற்று எண்பது.
எழுபது என்றால் ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தைந்து.
பொறுத்தார் பூமியாள்வார் என்பதைத்தான்
அரசாங்கம் சதவீதத்தில் எழுதி வைத்திருக்கிறது.
பொறுக்கும் வரை எதைச் சாப்பிடுவது என்பது
வேறு இலாகா.

திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
முப்பத்தைந்து வருடச் சம்பளத்துக்குச் சராசரி போடுவோம்.
அவருக்கு இருபத்தெட்டுதான் இருந்தது.
மீதி ஏழு வரியிலும் முட்டை.

"அந்த வருடங்களில் நான் சும்மா இல்லையே."
நெடுஞ்சாலை உணவகம் ஒன்றில்
விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தவர் அவர்.
முதலாளி கல்லாவிலிருந்து நோட்டாக எடுத்து நீட்டுவான்.
வரியில்லை, ரசீதில்லை,
அன்றைக்கு அது நல்ல மனசாகத் தெரிந்தது.
ஏழு வருடம், நாளைக்கு இருநூறு முட்டை
உடைத்துப் பொரித்து
லாரிக்காரர்களுக்குப் பரிமாறியதெல்லாம்
என் திரையில்
ஏழே ஏழு முட்டையாக,
உடையாமல்.

"இன்னும் வேலை பார்த்தால்?"
ஒரு வருடச் சம்பளம் ஏறினால் ஒரு முட்டை உடையும்,
இருபத்துமூன்று டாலர் கூடலாம் என்றேன்.
இப்போது பள்ளிச் சமையற்கூடத்தில்
முறையான வேலை, முறையான பிடித்தம்.
முழு ஓய்வுக்கு அறுபத்தேழு என்கிறது சட்டம்.
அவருடைய இடது முழங்கால்
ஐம்பத்தொன்பதிலேயே விண்ணப்பம் போடாமல்
ஓய்வு வாங்கிவிட்டது.

பிறகு, எல்லோரும் கேட்பது:
"எது லாபம்?"
அறிவுரை சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை.
கணக்குச் சொல்லலாம்.
இன்றே வாங்குகிறவரை
அறுபத்தேழு வரை காத்திருந்தவர் எட்டிப் பிடிக்கும் இடம்
எழுபத்தெட்டு வயது எட்டு மாதம்.
முன்னால் போய்விட்டால் அவசரக்காரர் ஜெயித்தார்.
தாண்டி இருந்தால் பொறுமைசாலி.
எப்போது சாவீர்கள் என்ற கட்டம் மட்டும்
எங்கள் படிவத்தில் கிடையாது;
மற்றக் கட்டங்கள் அதைத்தான் சுற்றி வருகின்றன.

வாண்டா விரல் விட்டு எண்ணினார்.
அம்மா எழுபத்தொன்று.
சித்தி ஸ்டாஷா தொண்ணூற்றாறு, கடைசி வாரம் வரை சீட்டாட்டம்.
அக்கா இரீன் எழுபதுக்குக் காத்திருந்து
அறுபத்தொன்பதே முக்காலில்...
முடிக்கவில்லை.
"நான் யார் ஜாடை, சொல்லுங்கள்?"
முகத்தைக் கண்ணாடியருகே கொண்டுவந்தார்.
சிரிக்கலாமா என்று தெரியாமல்
நான் பிரிண்டரைப் பார்த்தேன்.

"ஒரு முட்டையையாவது உடைத்துவிட்டு வருகிறேன்."

மார்ச்சில் வந்தார், கைத்தடியோடு.
கழுவிய தரை, வழுக்கல், அவ்வளவுதான்.
அறுபத்திரண்டு வயது ஏழு மாதம்:
ஆயிரத்து எழுபத்தொன்பது டாலர்.
ஏழு மாதம் பல்லைக் கடித்ததற்கு
மாதம் நாற்பத்துமூன்று கூலி, உயிருள்ள வரை.

"அந்த எட்டிப் பிடிக்கும் இடம்?"
மறுபடி தட்டிப் பார்த்தேன். நகர்ந்திருந்தது.
எழுபத்தெட்டு வயது பதினோரு மாதம்.

"அப்படியானால் ஜூலை," என்றார்,
கையெழுத்துப் போட்டுக்கொண்டே.
"நல்லது. மண் இளகியிருக்கும்."

எதற்கு என்று நான் கேட்கவில்லை.
பேனா அவரோடு போய்விட்டது.