இதுவல்ல

பன்னிரண்டாம் பக்கத்தில் கேட்டிருக்கிறார்கள்:
பயனாளிகளின் தன்னம்பிக்கை
எத்தனை சதவீதம் கூடியிருக்கிறது?
கட்டம் சிறியது. மூன்று இலக்கம்தான் கொள்ளும்.
நாளை மறுநாள் கடைசித் தேதி.

உலான்பாத்தரின் வடக்குச் சரிவில்
கைவிடப்பட்ட கொதிகலன் கூடம்தான் எங்கள் சர்க்கஸ் பள்ளி.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொரு டிகிரி.
வட்டக் கூடாரங்கள் கக்கும் கரிப்புகை
ஜன்னலில் முகம் வைத்து
உள்ளே என்ன நடக்கிறதென்று பார்க்கும்.
எனக்குக் கணக்கு வேலை:
கயிறு, மெத்தை, கைக்குப் பூசும் வெள்ளைப் பொடி, பஸ் காசு,
மத்தியானச் சூப்புக்கு ஆட்டிறைச்சி நாலு கிலோ.
கட்டணம் என்ற பத்தியில்
எட்டு வருடமாக ஒரு கோடுதான் போடுகிறேன்.

எனெபிஷ் வந்தது போன அக்டோபரில்.
பதினாலு வயது.
பெயருக்குப் பொருள், இதுவல்ல.
முன்னே பிறந்த இரண்டும் தங்கவில்லை.
தேடி வருவது ஏமாந்து திரும்பட்டும் என்று
அம்மா வைத்த பெயர்.
வந்தது ஏமாந்துதான் போயிற்று.
ஆனால் பையனும் அதை நம்பிவிட்டான்.
பந்து தன் பக்கம் வந்தால்
பின்னால் நிற்கும் யாருக்கோ வருவதுபோல்
ஒதுங்கி வழிவிடுவான்.

ஹொங்கோர்சுல் தன் குதிகால்களைத்
தலைக்கு மேலாகக் கொண்டுவந்து
மோவாய்க்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு
வேதியியல் வாத்தியாரைத் திட்டுவாள்.
எனெபிஷ் குனிந்தால்
விரல் முழங்காலோடு நின்றுவிடும்.
இருமல் மட்டும்தான் அவனை வளைத்தது.
மாதம் ஒருமுறை நர்ஸ் செவெல்மா வந்து
அளவுக் குழாயில் ஊதச் சொல்வாள்.
முதல் ஊதல்: நூற்றெழுபது.
முள்கூடச் சோம்பலாக எழுந்து உட்கார்ந்தது.

மூலையில் ஒற்றைச் சக்கர சைக்கிள் ஒன்று கிடந்தது.
யாரோ கொடுத்தது. இரண்டு கம்பி இல்லை.
வேறு எவரும் கேட்காததால்
அதை எடுத்தான் என்று நினைக்கிறேன்.
சுவரோடு ஓடும் வெந்நீர்க் குழாயைப் பிடித்தபடி
போவான், வருவான்.
நவம்பர் முழுதும், டிசம்பர் முழுதும்
குழாயில் அவன் கையுறை உரசும் சத்தத்தில்
நான் ரசீதுகளைக் கூட்டினேன்.

ஜனவரி ஒன்பதில் குழாய் வெடித்தது.
பழுது பார்க்க வந்தவர்கள்
சுற்றிலும் பலகை அடித்துவிட்டுப் போனார்கள்.
(மூன்று லட்சத்து நாற்பதாயிரம் துக்ரிக்.
எந்தத் தலைப்பில் எழுதுவதென்று இன்னும் தெரியவில்லை.)
பிடிக்க ஒன்றுமில்லை.
எனெபிஷ் சற்று நேரம் பலகையைப் பார்த்தான்.
பிறகு ஏறினான்.
கூடத்தின் குறுக்கே, நட்ட நடுவில்,
கைகள் இரண்டும் காற்றில் எதையோ துழாவ
அந்தப் பக்கச் சுவர்வரை போய் மோதினான்.
யாரும் கைதட்டவில்லை.
சூப்பு வந்திருந்தது.

பிப்ரவரியில் பெற்றோருக்கு ஒரு காட்சி.
நூற்றுப் பன்னிரண்டு நாற்காலி, வாடகைக்கு.
மூன்று பந்தோடு வந்தவன்
பாதியில் விழுந்தான்.
நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது
பாட்டுப் போடும் பையனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான்:
"முதலிலிருந்து போடு!"
அவன் குரல் அவ்வளவு தடிப்பு என்று
அன்றுதான் தெரிந்தது.

கடைசி வரிசையில் அவன் அம்மா.
கைகளைச் சட்டைக் கைக்குள் புதைத்து,
அவன் சாயும்போதெல்லாம் வாய்க்குள்
எனெபிஷ், எனெபிஷ் என்றாள்.
மகனைக் கூப்பிட்டாளா,
தேடி வந்த எதற்கோ
பதில் சொல்லிக்கொண்டிருந்தாளா,
கேட்கவில்லை நான்.

மார்ச்சில் ஹொங்கோர்சுல் வருவது நின்றுபோயிற்று.
தெற்கே சுரங்கத்தில் அப்பாவுக்கு வேலை.
அவளை எந்தப் பக்கத்தில் எழுதுவது?
இடைநின்றோர்: ஒன்று.

நேற்று நர்ஸ் வந்தாள்.
எனெபிஷ் ஊதினான்.
முள் இருநூற்றுத் தொண்ணூறில் நின்றது.
இன்னொரு தரம் என்று அவனே கேட்டு வாங்கி ஊதினான்.
அதேதான்.

கட்டத்தில் 290 என்று எழுதியிருக்கிறேன்.
கச்சிதமாகக் கொள்கிறது.
அலகு தப்பு, அது சதவீதமல்ல.
கடிதம் போட்டுக் கேட்பார்கள்.
கேட்கட்டும்.
பதின்மூன்றாம் பக்கம் இருக்கிறது இன்னும்.